புட்டியில் கோட்டுக்குப் பதில் எல், க்யூ, எக்ஸ்: டெர்ம் பெயரை மாற்றுவதா, டிக் போடுவதா?

வடம்பிடி:
வணக்கம். நூற்பாலை ஒன்றின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். விண்டோஸ் கணினியிலிருந்து புட்டி (தொலைவில் உள்ள கணினியில் கட்டளை தட்ட உதவும் நிரல்) வழியாக டெபியன் லினக்ஸ் சர்வருக்குள் போய், தினமும் இரவு பேக்கப் மெனுவைத் திறப்பேன். எழுத்துத் திரையில் பெட்டி வரையும் டயலாக் நிரலை வைத்து எழுதிய மெனு அது. பெட்டியின் கோடு வர வேண்டிய இடத்தில் எல், க்யூ, க்யூ, க்யூ, கே என்று எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு பக்கமும் எக்ஸ் எக்ஸாக இறங்குகிறது. எஃப்1 அழுத்தினால் உதவிப் பக்கமும் வருவதில்லை. இணையத்தில் ஒருவர் சொன்னபடி புட்டியின் டிரான்ஸ்லேஷன் பக்கத்தில் எழுத்துக் குறியாக்கத்தை ஐஎஸ்ஓ-8859-1 என்று வைத்தேன். கோடு வந்துவிட்டது, ஆனால் தமிழில் பெயர் வைத்த கோப்புகள் எல்லாம் குப்பையாகத் தெரிகின்றன. எது சரியான வழி?

கருந்திரை:
முதல் வேலையாக, தமிழையும் காட்டும் யுடிஎஃப்-8 குறியாக்கத்துக்குத் திரும்புங்கள். கோட்டுக்காகத் தமிழை விட வேண்டியதில்லை.

அந்த எழுத்துகள் ஏன் வருகின்றன என்று தெரிந்தால் தீர்வும் தெரியும். 1978இல் வந்த விடி100 டெர்மினலில் (கணினியோடு இணைக்கும் திரையும் விசைப்பலகையும்) கோடு வரைய ஒரு தனி எழுத்துத் தொகுதி உண்டு. 'இனிமேல் சின்ன எழுத்துகளைக் கோடாகக் காட்டு' என்று ஒரு குறி அனுப்பினால், எல் என்பது இடது மேல் மூலை, கே வலது மேல் மூலை, க்யூ படுக்கைக் கோடு, எக்ஸ் செங்குத்துக் கோடு. யுடிஎஃப்-8இல் இருக்கும்போது புட்டி இந்தக் குறியைக் கண்டுகொள்ளாது. யூனிகோடிலேயே ┌──┐ இருக்கிறதே, பழைய குறி எதற்கு என்பது அதை எழுதியவர்களின் முடிவு, அவர்களின் கையேட்டிலேயே அப்படி எழுதியிருக்கிறது. ஆனால் உங்கள் புட்டி சர்வரிடம் தன் டெர்ம் பெயரை, அதாவது டெர்மினல் வகையை, 'எக்ஸ்டெர்ம்' என்று சொல்கிறது (அது வேறொரு டெர்மினல் நிரலின் பெயர்). எக்ஸ்டெர்முக்கு அந்தக் குறி புரியும் என்று நம்பி சர்வர் அதையே அனுப்புகிறது.

ஆக, பெயர்தான் பிழை. கனெக்‌ஷன், அதற்குள் டேட்டா, அங்கே டெர்மினல்-டைப் ஸ்டிரிங் பெட்டியில் 'புட்டி-256கலர்' என்று எழுதுங்கள். அந்தப் பெயருக்கான டெர்ம்இன்ஃபோ (எந்த டெர்மினலுக்கு எந்தக் குறி என்று சர்வரில் இருக்கும் பட்டியல்) குறிப்பிலேயே 'கோட்டை யூனிகோடாக அனுப்பு' என்று இருக்கிறது. எஃப்1ம் அதோடு சரியாகும். புட்டி அனுப்பும் எஃப்1 முதல் எஃப்4 வரையான குறிகள் எக்ஸ்டெர்மின் குறிகள் அல்ல.

நெய்தல்:
விளக்கம் சரி, தீர்வுதான் சரியில்லை. டெர்ம் பெயர் உங்கள் கணினியோடு நிற்பதில்லை. எஸ்எஸ்ஹெச் இணைப்பில் நீங்கள் போகும் சர்வருக்கெல்லாம் அதுவும் கூடவே போகும். டெபியனின் அடிப்படை நிறுவலில் எக்ஸ்டெர்ம், விடி100, லினக்ஸ், ஸ்கிரீன் போன்ற சில பெயர்கள்தான் இருக்கும். புட்டி வேண்டுமென்றால் என்கர்சஸ்-டெர்ம் பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். அது இல்லாத சர்வரில் மெனு திறக்கவே திறக்காது, டெர்மினல் தெரியவில்லை என்று வெளியே தள்ளிவிடும். கோடு கோணலாக வந்த மெனுவையாவது பயன்படுத்தலாம்.

வடம்பிடி, பெயர் எக்ஸ்டெர்ம் என்றே இருக்கட்டும். விண்டோ, டிரான்ஸ்லேஷன் பக்கத்தில் 'யுடிஎஃப்-8 நிலையிலும் விடி100 கோடு வரை' என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் டிக் போடுங்கள். பழைய பதிப்பில் அது இருக்காது, புதியதை இறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் டெர்மினல், கீபோர்டு பக்கத்தில் ஃபங்ஷன் விசைகளை எக்ஸ்டெர்ம் ஆர்6 என்று வையுங்கள். எல்லாம் உங்கள் கணினியிலேயே முடிந்துவிடும். எந்த சர்வரையும் தொட வேண்டாம்.

கருந்திரை:
அந்த டிக் ஏன் முதலிலேயே போடப்படாமல் இருக்கிறது என்று யோசித்தீர்களா? பைனரி கோப்பு ஒன்றைத் தவறிக் கேட் கட்டளையால் திரையில் கொட்டினால் போதும். அதற்குள் தற்செயலாக அந்தக் குறி கிடந்தால் திரை முழுக்கக் கோடும் மூலையுமாக மாறி, அடிக்கும் கட்டளைகூடத் தெரியாது. புதிதாக வேலைக்கு வந்தவர் இணைப்பு செத்துவிட்டது என்றே நினைப்பார். நான் அப்படிப் பதறிய இரவு இன்னும் நினைவிருக்கிறது.

நெய்தல்:
கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு வலது கிளிக் செய்தால் வரும் மெனுவில் 'ரீசெட் டெர்மினல்' இருக்கிறது, ஒரு நொடி வேலை. ஆண்டுக்கு ஒரு தடவை வரும் தொல்லைக்காக ஒவ்வொரு சர்வரிலும் பொதி நிறுவச் சொல்வது நியாயமா? பல இடங்களில் ரூட் (நிர்வாகி) அனுமதியே கிடைக்காது.

கருந்திரை:
ரூட் தேவையே இல்லை. பெயர் தெரிந்த சர்வரில் இன்ஃபோகம்ப் கட்டளையால் குறிப்பை எடுத்து, தெரியாத சர்வரில் டிக் கட்டளையால் ஏற்றுங்கள் (செக்பாக்ஸ் டிக் இல்லை, டெர்ம்இன்ஃபோவைத் தொகுக்கும் நிரலின் பெயரும் அதுதான்). சாதாரணப் பயனராகச் செய்தால் அது உங்கள் ஹோம் அடைவிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

வடம்பிடி:
கருந்திரை அண்ணா சொன்னபடி பெயரை மாற்றினேன். திறந்திருந்த இணைப்பில் அந்தப் பக்கமே வரவில்லை, மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தபோதுதான் மாற்ற முடிந்தது. என் பயனர் கணக்கில் கோடு அழகாக வருகிறது, எஃப்1ம் வேலை செய்கிறது. ஆனால் 'சு -' போட்டு ரூட்டாகி அதே மெனுவைத் திறந்தால் மறுபடியும் எல், க்யூ, கே! டெர்ம் மாறியைப் பார்த்தேன், புட்டி-256கலர் என்றுதான் இருக்கிறது.

நெய்தல்:
இதைத்தான் சொன்னேன். டிக் போட்டிருந்தால் ரூட்டிலும் வந்திருக்கும்.

மூங்கில்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ரூட்டில் லோகேல் (மொழி, எழுத்துக் குறியாக்க அமைப்பு) கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பாசிக்ஸ் என்று, அதாவது யுடிஎஃப்-8 இல்லாத அமைப்பாக, வந்தால் அதுதான் காரணம். 'சு -' பழைய சூழலைத் துடைத்துவிடும், டெர்ம் மட்டும் தப்பிக்கும். லோகேலைச் சொல்லும் லாங் மாறியை உங்கள் கணக்குக்கு மட்டுமான பாஷ்ஆர்சி கோப்பில் மட்டும் வைத்திருக்கிறீர்களோ? லோகேல் யுடிஎஃப்-8 ஆக இருந்தால்தான் டெர்ம்இன்ஃபோவில் உள்ள அந்த யூனிகோடு குறிப்பை, டயலாக் பயன்படுத்தும் என்கர்சஸ் நூலகம் மதிக்கும். இல்லையென்றால் பழைய விடி100 குறிக்கே போய்விடும்.

இன்னொன்று. இரண்டு பேர் சொன்னதையும் பாதி பாதி கலக்காதீர்கள். புட்டி என்ற பெயரோடு எக்ஸ்டெர்ம் ஆர்6 விசைகளை வைத்தால் எஃப்1 முதல் எஃப்4 வரை மறுபடி போய்விடும். பெயரும் விசைகளும் ஜோடியாகத்தான் மாற வேண்டும்.

வடம்பிடி:
ஆமாம், பாசிக்ஸ் என்றுதான் வந்தது. லாங் மாறியை நான் என் பாஷ்ஆர்சியில் மட்டும்தான் போட்டிருந்தேன்.

கருந்திரை:
அப்படியானால் சர்வரின் பொது லோகேலை சி.யுடிஎஃப்-8 என்று வையுங்கள். டெபியனில் அது எப்போதும் இருக்கும், தனியாக உருவாக்க வேண்டாம். நெய்தல், உங்கள் டிக் ரூட்டில் கோட்டைக் காட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாசிக்ஸ் லோகேலில் அதே மெனுவில் ஒரு தமிழ்க் கோப்புப் பெயர் வந்தால் அது சிதையும். கோடு சரியாகத் தெரிவதால் லோகேல் கெட்டிருப்பது யார் கண்ணிலும் படாது. எனக்கு அந்த வழியில் இருக்கும் பெரிய குறையே அதுதான்.

நெய்தல்:
லோகேல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அது எப்படியும் திருத்த வேண்டியதுதான். ஆனால் நான் நாள் முழுக்க டாக்கர் கன்டெய்னர்களுக்குள் (தற்காலிகமான குட்டிச் சூழல்கள்) வேலை செய்கிறேன். காலையில் பிறந்து மாலையில் அழிபவை. ஒவ்வொன்றிலும் டெர்ம்இன்ஃபோ ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. என் புட்டியில் பெயர் எக்ஸ்டெர்ம்தான், டிக் இருக்கும்.

கருந்திரை:
கன்டெய்னருக்கு நானும் அதையே செய்வேன். நிலையான சர்வருக்குச் செய்ய மாட்டேன்.

வடம்பிடி:
லோகேலை மாற்றிவிட்டு வெளியே போய் மறுபடி நுழைந்தேன். ரூட்டிலும் கோடு வருகிறது, தமிழ்ப் பெயர்களும் நேராகத் தெரிகின்றன. எங்கள் கிடங்கில் ஒரு பழைய யூனிக்ஸ் இயந்திரம் இருக்கிறது. அதற்குப் புட்டி என்ற பெயர் தெரியவில்லை, அதனால் நெய்தல் சொன்னபடி எக்ஸ்டெர்ம், டிக், ஆர்6 மூன்றையும் வைத்துத் தனி செஷனாகச் சேமித்துவிட்டேன். அங்கேயும் எஃப்1 வருகிறது. ஒன்று மட்டும் பாக்கி: அந்த இயந்திரத்தில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் அழிக்காமல் ஏதோ குறி விழுகிறது.

மூங்கில்:
ஷிஃப்டோடு பேக்ஸ்பேஸ் அழுத்திப் பாருங்கள். புட்டி அப்போது மற்ற குறியை அனுப்பும். அது அழித்தால், அந்த இயந்திரம் புட்டி வழக்கமாக அனுப்பும் 127ஆம் குறிக்குப் பதில் கன்ட்ரோல்-ஹெச் எதிர்பார்க்கிறது என்று பொருள். அந்த ஒரு செஷனில் மட்டும் கீபோர்டு பக்கத்தில் மாற்றுங்கள். டெபியன் செஷனில் கைவைக்காதீர்கள், ஈமேக்ஸ் எழுதுநிரலில் கன்ட்ரோல்-ஹெச் உதவிக்கான விசை. மாற்றியதும் செஷன் பக்கத்துக்குத் திரும்பி சேவ் அழுத்துங்கள், இல்லையென்றால் நாளைக்குப் பழையபடி இருக்கும்.

வடம்பிடி:
ஷிஃப்ட் அழித்தது. மாற்றி, சேவ் செய்துவிட்டேன். மூன்று பேருக்கும் நன்றி.