மறுமொழி: இன்ஃபார்ம்டு கன்சென்ட் – தமிழில் என்ன?

> ‘அறிவுறு ஒப்புதல்’ என்றே வைத்துக்கொள்வோம். சுருக்கமாக இருக்கிறது.

வணக்கம் ஐயா. ஆய்வில் சேர்பவர் விவரமெல்லாம் தெரிந்துகொண்டு தரும் அனுமதிக்குத்தானே பெயர் தேடுகிறோம். சுருக்கம் சரி, ஆனால் ‘அறிவுறுத்தினார்’ என்றாலே அதிகாரி உத்தரவு போட்டார் என்றுதான் காதில் விழுகிறது. அப்புறம் ‘ஒப்புதல்’ வேறு இடத்தில் மாட்டிக்கொண்ட சொல். ஆய்வுக்கு நெறிமுறைக் குழு தருவதும் ஒப்புதல்தான். ஒரே படிவத்தில் குழுவுடையதும் நோயாளியுடையதும் ஒரே பெயரில் வந்தால் குழப்பம்.

> அப்படியானால் ‘தகவலறிந்த சம்மதம்’?

பரவாயில்லை, ஆனால் பாதிதான். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளின் நெறிமுறை பற்றி அமெரிக்காவில் 1979இல் வந்த பெல்மான்ட் அறிக்கை இதைத் தகவல், புரிதல், தன்விருப்பம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. தாளை நீட்டிவிட்டால் முதலாவது முடிந்தது, மற்ற இரண்டு?

அந்த அறிக்கை பிறக்கக் காரணமான டஸ்கீகி ஆய்வையே பாருங்கள். அமெரிக்காவின் அலபாமாவில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு ‘கெட்ட ரத்தம்’ என்று மட்டும் சொல்லிவைத்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்ததைக்கூட இலவசச் சிறப்புச் சிகிச்சை என்று கடிதம் போட்டு அழைத்தார்கள். அதைக் குணமாக்கும் பெனிசிலின் புழக்கத்துக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை. அவர்களாகத்தான் வந்தார்கள், எதற்கு என்று தெரியாமல். ஆகவே சொல்லின் கனம் முன்பாதியில், அதாவது ‘இன்ஃபார்ம்டு’ என்பதில், விழ வேண்டும்.

என் பரிந்துரை: ‘புரிந்து தரும் சம்மதம்’. (‘விளங்கிய சம்மதம்’ என்றும் எழுதிப் பார்த்தேன். ‘விளங்கினாப்லதான்’ என்று எங்கள் ஊரில் கேலி செய்வார்கள்.)

> சம்மதம் வடசொல். இசைவு இருக்கிறதே?

இருக்கிறது, அதற்கு வேறு வேலையும் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைப்படி, சிறார் பங்கேற்கும் ஆய்வில் பெற்றோர் தருவது கன்சென்ட். பிள்ளை தருவது அசென்ட். 7 முதல் 11 வயது வரை வாய்மொழியாக, 12 முதல் 18க்குள் எழுத்தில். இரண்டுக்கும் தனிச்சொல் வேண்டும். பெற்றோருக்குச் சம்மதம், பிள்ளைக்கு இசைவு என்று பிரித்துக்கொள்ளலாமே.

இன்னொன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு படிவத்தை வாசித்துக்காட்டி, பிறகுதான் கைரேகை வாங்க வேண்டும். அங்கே இந்தச் சொல்லைக் கண் படிப்பதில்லை, காது கேட்கிறது. ‘அறிவுறு’ என்று வாசித்தால் அந்த அம்மா ‘என்னம்மா அது?’ என்று நர்ஸிடம்தான் கேட்பார்.

> சப்ஜெக்ட் = ஆய்வுக்குட்படுவோர்

இதை விட்டுவிடலாம் ஐயா. மருத்துவ ஆய்வு நெறிமுறை பற்றிய உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சின்கி சாற்றுரையே 2024 திருத்தத்தில் ‘பங்கேற்பாளர்’ என்று மாறிவிட்டது.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். ‘தன்விருப்பம்’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன், அதிலும் சண்டை பாக்கி இருக்கிறது.