தட்கலுக்கு ஆதார் வந்ததால் யாருக்கு பெர்த் கிடைத்தது?

பின்னலாடை:
2025 ஜூலை 1 முதல் ரயில்வேயின் டிக்கெட் தளமான ஐஆர்சிடிசியில் தட்கல், அதாவது கடைசி நேர டிக்கெட், போட ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். ஏஜென்ட்டுகளுக்கு முதல் அரை மணி நேரம் தடை: ஏசி வகுப்புக்கு காலை 10 முதல் 10.30, மற்றதற்கு 11 முதல் 11.30. நிறைய பேர் வரவேற்றார்கள். திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பீகார், ஜார்க்கண்ட் பையன்களைக் கேட்டால் வேறு கதை. அவர்களுக்கு டிக்கெட் என்றால் ப்ரவுசிங் சென்டர்க்காரர்தான். தலைக்கு இருநூறு, முந்நூறு கூட வாங்கினாலும் பெர்த் வாங்கிக் கொடுத்துவிடுவார். அவர் முயற்சி செய்ய அனுமதி வரும்போது இப்போது எல்லாம் தீர்ந்துவிடுகிறது. ஜார்க்கண்ட் போகும் தன்பாத் எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு பெட்டியில் இரண்டு ராத்திரி, அதுவும் கக்கூஸ் பக்கத்தில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். செல்போனில் வேகமாகத் தட்டத் தெரிந்தவனுக்குப் படுக்கை, மற்றவனுக்குத் தரை. இதற்குப் பெயர் சீர்திருத்தமா?

எழும்பூர் பயணி:
அண்ணே, அந்த ப்ரவுசிங் சென்டர்க்காரர் ஏழைக்கு உதவினார் என்பதை ஏற்க முடியாது. சொந்தக் கணக்கில் டிக்கெட் போட்டு விற்பது ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவில் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. அவர் கையில் இருந்தது திறமை இல்லை, சாஃப்ட்வேர். தட்கல் திறக்கும் முதல் 5 நிமிடத்தில் உள்ளே வர முயல்வதில் பாதி வரை பாட் (ஆள் இல்லாமல் தானாகவே டிக்கெட் போடும் சாஃப்ட்வேர்) என்று ரயில்வேயே 2025 ஜூனில் சொன்னது. சந்தேகத்துக்குரிய 2.5 கோடி ஐடிகளை முடக்கியதாகவும் சொன்னது. நானும் திருநெல்வேலிக்குப் போக வருஷக்கணக்கில் 11 மணிக்குச் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான். முந்நூறு ரூபாய் கூடக் கொடுத்தது உங்கள் பையன்தானே? அதை மிச்சம் பிடித்துக் கொடுத்த விதியைத் திட்டுகிறீர்கள்.

சும்மா வந்தேன்:
ஃப்ளைட்டில் போகலாமே.

பின்னலாடை:
@சும்மா வந்தேன்: டிக்கெட்டை நீங்கள் போடுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

@எழும்பூர் பயணி: தம்பி, முந்நூறு மிச்சமானது உண்மை. பெர்த்தும் மிச்சமானதா? அதுதான் கேள்வி. இந்தப் பையன்களின் ஆதாரில் இருக்கும் நம்பர் பெரும்பாலும் ஊரில் எப்போதோ வாங்கிய சிம். அது செத்து நாளாகிவிட்டது. ஓடிபி எங்கே வரும்? நம்பரை மாற்ற ஆதார் மையம் போகவேண்டும். அதற்கு ஒரு ஷிஃப்ட் கூலி போகும். கவுண்ட்டருக்குப் போகச் சொல்வீர்கள். அங்கே கேட்கும் ஓடிபி நாம் கொடுக்கும் நம்பருக்கு வரும்தான், ஆனால் வரிசையில் நிற்கவும் கூலி போகும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
இருவரும் சின்ன கதவைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். பெரிய கதவு பிரீமியம் தட்கல். 2014-இல் கொண்டுவந்தார்கள். இடம் தீரத் தீர விலை ஏறும். அதற்குப் பாட் சாஃப்ட்வேரும் வேண்டாம், ஏஜென்ட்டும் வேண்டாம், பணம் இருந்தால் போதும். கள்ளச்சந்தையில் விற்றவன் செய்ததை இப்போது ரயில்வே ரசீது கொடுத்துச் செய்கிறது. 2016-இல் ராஜதானி, சதாப்திக்கும் இதேபோல் ஏறும் ஃப்ளெக்ஸி கட்டணம் வந்தது.

எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். 60 வயது ஆணுக்கு 40 சதவீதம், 58 வயது பெண்ணுக்கு 50 சதவீதம் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை. நானும் மனைவியும் காசி போய்வரலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, ராமேஸ்வரத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

எழும்பூர் பயணி:
சார், சலுகை விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் பிரீமியம் தட்கலைக் கள்ளச்சந்தையோடு ஒப்பிடுவது சரியில்லை. பயணச் செலவு 100 ரூபாய் என்றால் பயணியிடம் வாங்குவது 54 ரூபாய் என்று அமைச்சர் வைஷ்ணவ் நாடாளுமன்றத்தில் சொன்னார். 2022-23-இல் சுமார் 57,000 கோடி ரூபாய் மானியம். கொடுக்க முடிகிறவரிடம் கூட வாங்கித்தானே அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியும்? எனக்கு அவசரம் என்றால் ஆயிரம் கூடக் கொடுப்பேன். அது ஸ்லீப்பர்காரருக்கு உதவட்டும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நூறில் மிச்சம் 46 ரூபாய் மானியம் என்பது எல்லா வகுப்பையும் சேர்த்த சராசரி. ஏசியில் போகிற நீங்களும் அதில் இருக்கிறீர்கள் தம்பி. அப்புறம், நீங்கள் கூடக் கொடுக்கும் ஆயிரம் ஸ்லீப்பர்காரருக்குப் போகிறதா என்று யார் பார்த்தார்கள்? போகட்டும் என்று ஆசைப்படலாம்.

பின்னலாடை:
வாத்தியார் சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பையன் பிரீமியம் பக்கமே போகமாட்டான், அவன் உலகத்தில் அது இல்லை. அவன் ஏன் தட்கலுக்கு வருகிறான் என்று பாருங்கள். முன்பதிவு 120 நாளில் இருந்து 60 நாளாக 2024 நவம்பர் 1 முதல் குறைந்தது. 60 நாளுக்கு முன்னால் தன் லீவு தேதி தெரிந்தவர் யார்? மாதச் சம்பளக்காரர். இவனுக்கு ஷிப்மென்ட் போன பிறகுதான் லீவு. அவர்கள் ஊர்ப் பண்டிகையான சாத் பூஜைக்குப் போவானா இல்லையா என்பது முந்தின வாரம் வரைக்கும் தெரியாது. வெயிட்டிங் லிஸ்ட் வாங்கினால், ஆன்லைனில் போட்டது, ரயில் கிளம்பும் முன் சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) போட்டதும் தானாகவே ரத்தாகிவிடும். கவுண்ட்டரில் வாங்கியது இருந்தாலும் ஸ்லீப்பரில் ஏற விடமாட்டார்கள். கடைசி நேரத்தில் ஊருக்குப் போகிறவன் ஏழை, ஆனால் கடைசி நேர டிக்கெட்டின் விலைதான் அதிகம்.

எழும்பூர் பயணி:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஆதார் பற்றி இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். ஆனால் அண்ணே, இதில் ரயில்வே எங்கே வருகிறது? லீவு தேதியை இரண்டு மாதம் முன்னால் சொல்லாதது கம்பெனி. பாட் சாஃப்ட்வேரை ஒடுக்கியதற்கு ஏன் பழி?

பின்னலாடை:
ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் தேதியை மாற்றினால் கம்பெனி என்ன செய்யும்? நான் சூப்பர்வைசர், முதலாளி இல்லை.

சும்மா வந்தேன்:
அடுத்து பையரைத் திட்டுவோம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
திட்டவேண்டாம். சூப்பர்வைசரால் ஒன்று முடியும். ஐஆர்சிடிசியில் ஆதார் இணைத்த கணக்குக்கு மாதம் 24 டிக்கெட் வரை போடலாம். ஒரு தட்கல் டிக்கெட்டில் நான்கு பேர். பையன்களுக்கு அவரவர் பெயரிலேயே கணக்கு தொடங்கிக் கொடுங்கள், ஓடிபிக்கு நம்பர் மாற்ற ஒரு நாள் கூலியோடு லீவு கொடுங்கள் என்று முதலாளியிடம் கேளுங்கள். ஷிப்மென்ட் தாமதமானால் ஓவர்டைம் பார்க்கிற அதே பையன்கள்தானே?

பின்னலாடை:
கேட்கிறேன் சார். ஆனால் அன்ரிசர்வ்டு பெட்டி கூடினால் இந்தப் பேச்சே வேண்டாம். தன்பாத் எக்ஸ்பிரஸில் அப்படி எத்தனை பெட்டி விடுகிறார்கள் என்று ஒரு தடவை திருப்பூர் ஸ்டேஷனில் வந்து பாருங்கள்.

எழும்பூர் பயணி:
பெட்டி கூடவேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆதார் விதியை மட்டும் தொடவேண்டாம்.