கண் மூடியிருந்தால் நடிப்பா?

மண்டபம் செல்வி: முருகேசன் சார் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பத்தாவது படிக்கும் பிள்ளை வகுப்பில் விழுந்து கைகால் இழுத்ததாம். கண்ணை இறுக்க மூடியிருந்ததால் அது பரீட்சைக்குப் பயந்த நடிப்பாம். மூளையின் மின்கோளாறால் வராத, மனநிலை சார்ந்த வலிப்பில் பெரும்பாலும் கண் மூடித்தான் இருக்கும். பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை.

பரமக்குடி முருகேசன்: காலமெல்லாம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். நிஜ வலிப்பில் கண் திறந்து மேலே செருகும். இது மூடியிருந்தது. அவ்வளவுதான்.

செல்வி: கண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது சார். மூளையின் மின் ஓட்டத்தைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. ஒருமுறை சரியாக வந்தாலும் காக்காய்வலிப்பு இல்லை என்று ஆகாது. பிள்ளையைப் படம்பிடித்துக்கொண்டே எடுக்கும் வீடியோ இ.இ.ஜி. ஓடும்போதே வலிப்பு வந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். ஒரே பிள்ளைக்கு இரண்டு வகை வலிப்பும் இருப்பதுண்டு.

கீழக்கரை நூருல்: வீட்டில் ஏதாவது பிரச்சினை இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் என்ன வைத்தியம்?

செல்வி: இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை பாய். மனநோய்களைக் கண்டறிய டாக்டர்கள் பார்க்கும் அமெரிக்கக் கையேடு டி.எஸ்.எம்.-5, 2013-இல் வந்தபோது அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டது. இதே வகைக் கோளாறால் கால் வரவில்லை என்று வரும் பிள்ளையைப் படுக்கவைத்து, நல்ல காலை நாம் அமுக்கிப் பிடித்துக்கொண்டு தூக்கச் சொன்னால், வராத காலின் குதிகால் தானாக மெத்தையை அழுத்தும். காலில் பலம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி; ஹூவர் அடையாளம் என்பார்கள். டாக்டர் பார்ப்பது இப்படிப்பட்டதை; பெற்றோரைக் குடைவதை இல்லை.

முருகேசன்: காலைப் பற்றி யார் கேட்டது? கண் மூடியிருந்ததா, இல்லையா?

ராமேஸ்வரம் ஜோதி: விடுங்கள் செல்வி அக்கா. இப்படிச் சொல்கிறவர்கள்தான் கடைசியில் ஏர்வாடிக்குக் கூட்டிப்போவார்கள். 2001-இல் அங்கே 28 மனநோயாளிகள் சங்கிலியோடு எரிந்தது மறந்துவிட்டதா?

நூருல்: தர்காவை இழுக்காதீர்கள். தீப்பிடித்தது தனியார் காப்பகத்தின் கொட்டகையில். தெரியாமல் பேச வேண்டாம்.

ஜோதி: நான் தர்கா என்று எழுதினேனா?

முருகேசன்: மீன்பிடித் தடைக்கால நிவாரணச் சண்டையிலும் செல்வி இப்படித்தான், யாரையும் பேசவிடவில்லை. எல்லாம் தெரிந்த டாக்டர்! அந்தப் பிள்ளை விழுந்த வீடியோவை நானே பார்த்தேன். கண் மூடித்தான் இருந்தது.

செல்வி: நிவாரணத்தை எதற்கு இழுக்கிறீர்கள்? நடிப்பு என்று சொன்னதால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுக்கிறது, அதற்குப் பதில் சொல்லுங்கள். அப்புறம், அந்த வீடியோ உங்கள் கைக்கு எப்படி வந்தது? டாக்டருக்குக் காட்ட எடுத்ததை ஊர் முழுக்க அனுப்பியது யார்? முதலில் அதை அழியுங்கள்.

முருகேசன்: கேட்டதற்குப் பதில் இல்லை.