எம்.டி. படிக்கும்போதே பிஎச்டிக்கும் பதிவு பண்ணலாமா?

ஹைகிரவுண்டு பிஜி:
பாளையங்கோட்டையில பொது மருத்துவம் எம்.டி. முதல் வருசம். தீசிஸ் ஸ்க்ரப் டைஃபஸ் (புதர்ல இருக்கிற சின்னப் பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல்) பத்தி. இந்த மூணு வருசத்துக்குள்ளயே பிஎச்டிக்கும் பதிவு பண்ணிட்டா காலம் மிச்சமாகுமேன்னு பாக்கேன். வீட்டுல 'முதல்ல ஒண்ண முடி'ங்காங்க. யாராச்சும் செஞ்சிருக்கீங்களா?

தாமிரபரணிக்காரன்:
முடியாது தம்பி. ஒரே நேரத்துல ரெண்டு பட்டம் படிக்கலாம்னு யூஜிசி 2022-ல சொன்னதை நம்பிக் கேக்கேன்னு நினைக்கேன். அதுல பிஎச்டி கிடையாது. எம்.டி. முடிச்சு வேலைக்குப் போனபிறகு பகுதிநேரமா சேரலாம். வேலை பாக்கிற இடத்துல தடையில்லாச் சான்று வேணும். குறைஞ்சது மூணு வருசம் ஆகும்.

மாஸ்டர் சார்ட் அக்கா:
அண்ணாச்சி சொல்லுதது சரி. ஆனா தீசிஸையே பிஎச்டிக்கு அஸ்திவாரமா போட்டுக்கலாம். ஸ்க்ரப் டைஃபஸ் நம்ம பக்கம் வருசம் பூரா ஒண்ணுபோல வராது. வடகிழக்குப் பருவமழையில ஏறி, குளிர் மாசத்துலதான் வார்டு நிறையும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி செப்டம்பருக்குள்ள கையில இல்லைன்னா அந்த சீசன் போச்சு. கடைசி வருசம் பரீட்சைக்கு ஆறு மாசம் முன்னாடியே தீசிஸைக் கொடுக்கணும், அதனால உனக்கு ரெண்டு சீசன் கிடைச்சாலே பெருசு. டிஆர்பின்னு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்புற மூணு மாசத்தையும் கேஸ் குறையுற நேரமா கேட்டுப் பாரு.

நோயாளி விவரம் எழுதுற புரோஃபார்மாவுல வயல் வேலையா, ஆடு மேய்க்கிறாங்களா, வீட்டைச் சுத்திப் புதரா எல்லாம் இப்பவே சேர்த்துக்கோ. டிஸ்சார்ஜ் ஆனவங்களைத் தேடி அம்பாசமுத்திரம், களக்காடுன்னு அலைய முடியாது. எஸ்கார், அதான் பூச்சி கடிச்ச இடத்துல வர்ற கருப்புப் பொருக்கு, அக்குள்ளயும் தொடை இடுக்குலயும் ஒளிஞ்சிருக்கும். நைட் டியூட்டியில பாக்காமலே 'இல்லை'ன்னு எழுதிருவாங்க. 'பார்த்தேன், இல்லை', 'பார்க்கவில்லை' ரெண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வை. ரத்த மாதிரியைப் பின்னால பிஎச்டிக்கு எடுக்கணும்னா, சேமிச்சு வைக்கிறதுக்குத் தனிச் சம்மதம் ஒப்புதல் படிவத்துலயே இருக்கணும்.

ஹைகிரவுண்டு பிஜி:
ரொம்ப நன்றிக்கா. டாக்ஸிசைக்ளினா அசித்ரோமைசினான்னு ஒப்பிட்டுப் பண்ணச் சொல்லுதாங்க கைடு.

மாஸ்டர் சார்ட் அக்கா:
கடுமையான கேஸுக்கு ரெண்டையும் சேர்த்துக் குடுக்கிறது மேல்னு நம்ம நாட்டுல நடந்த இன்ட்ரெஸ்ட் ஆய்வு 2023-லயே சொல்லிருச்சு. அதையே திரும்பக் கேட்டா கமிட்டி விடாது. வேற கேள்வியா மருந்து ஆய்வு பண்ணினாலும், முதல் நோயாளியைச் சேர்க்கிறதுக்கு முன்னாடியே சிடிஆர்ஐங்கிற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டுல பதிவு முடிஞ்சிருக்கணும். 2018 ஏப்ரல்ல இருந்து பின்னாடி பதியவே விடுறதில்ல. கைடுகிட்ட நேர்ல பேசு, வாட்ஸ்அப்புல வேண்டாம்.