பதில்: ‘உலகளாவிய கற்றல் வடிவமைப்பு’ சரிதானா?

வணக்கம் ஐயா,

யுனிவர்சல் டிசைன் ஃபார் லேர்னிங் என்பதற்குத் தமிழாகக் கலைச்சொல் பட்டியலில் நீங்கள் சேர்த்திருக்கும் ‘உலகளாவிய கற்றல் வடிவமைப்பு’ எனக்கு ஒட்டவில்லை. யுனிவர்சல் என்றதும் கை தானாக ‘உலகளாவிய’ என்று தட்டிவிடுகிறது, ஆனால் இங்கே உலகத்துக்கு என்ன வேலை? படிக்கிற ஆசிரியர் ஏதோ பன்னாட்டுப் பாடத்திட்டம் வரப்போகிறது என்றுதான் நினைப்பார்.

இதன் வேர் கட்டடக்கலையில் இருக்கிறது. யுனிவர்சல் டிசைன் என்று பெயர் வைத்த ரொனால்டு மேஸ் ஓர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர், சக்கர நாற்காலியில் நடமாடியவர். கட்டி முடித்த பிறகு கொல்லைப்புறத்தில் ஒரு சாய்தளத்தை ஒட்டவைக்காமல், வரைபடம் போடும்போதே எல்லாரையும் மனத்தில் வையுங்கள் என்பதுதான் விஷயம். 1984-இல் தொடங்கிய காஸ்ட் என்ற அமைப்பு பின்னாளில் இதைப் பாடத்துக்குக் கொண்டுவந்தது.

அப்படியானால் ‘பொதுக் கற்றல் வடிவமைப்பு’ போதாதா என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். போதாது. ‘பொது’ என்றால் எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை என்றாகிவிடும், கருத்தோ அதற்கு நேர் எதிர். ஒளிச்சேர்க்கைப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுக’ என்று கேட்கிறோம். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, உள்ள பிள்ளைக்கு இலைக்குள் என்ன நடக்கிறது என்று நன்றாகவே தெரியும், வாயால் கேட்டால் கடகடவென்று சொல்லும், படம் போட்டு அம்புக்குறியும் இடும், ஆனால் எழுதச் சொன்னால் நான்கு வரியில் நின்றுவிடும். நாம் சோதிக்க நினைத்தது அறிவியலை, சோதித்தது எழுத்தை. அதற்காக எழுதவே வேண்டாம் என்பதில்லை. கட்டுரை எழுதுவதே நோக்கமான வகுப்பில் வாய்மொழிப் பதில் எழுத்துக்கு ஈடாகாது. நோக்கம் எது, வழி எது என்று பிரித்துவிட்டு, நோக்கத்தை அப்படியே வைத்து வழியை மட்டும் பலவாக்க வேண்டும், அதையும் முதலிலேயே.

ஆகவே என் பரிந்துரை ‘பல்வழிக் கற்றல் வடிவமைப்பு’. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: ‘இந்தத் தேர்வு பல்வழியாக இல்லை’, ‘பாடத்தைப் பல்வழிப்படுத்தினோம்’. நன்றாகவே வளைகிறது. ‘அனைவருக்கும்’ என்ற பொருள் இதில் நழுவுகிறதே என்பீர்கள். நழுவத்தான் செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு’ என்பதை வரையறைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆசிரியர் அறையில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம், டிஃபரென்ஷியேட்டட் இன்ஸ்ட்ரக்ஷனையும் இதோடு ஒன்றாக்க வேண்டாம். அது எதிரில் இருக்கும் இந்த மாணவரைப் பார்த்து இந்தப் பாடத்தை மாற்றிக்கொள்வது. ‘வேறுபடுத்திய கற்பித்தல்’ என்றால் பாகுபாடு காட்டுவது போலக் காதில் விழுகிறது. ‘நிலைக்கேற்ற கற்பித்தல்’ என்று சொன்னால் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

மிச்சம் இருப்பது இந்தக் கற்றல் வடிவமைப்பின் மூன்று கொள்கைகள். ‘ஈடுபாடு’, ‘செயலும் வெளிப்பாடும்’ ஆகிய இரண்டிலும் சிக்கல் இல்லை. மிஞ்சிய ரெப்ரசென்டேஷனுக்கு மட்டும் தயவுசெய்து ‘பிரதிநிதித்துவம்’ வேண்டாம், பாடம் என்ன தேர்தலிலா நிற்கிறது? ஒரே கருத்தை எழுத்தாக, ஒலியாக, படமாக, தொட்டுப் பார்க்கும் பொருளாக முன்வைப்பது அது. ‘உணர்த்துமுறை’ வரை வந்து நிற்கிறேன். இதைவிடச் சின்னதாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.