தாடி ஓணான் பதினாறு நாளா சாப்பிடல, என்னா செய்றது?

தலவாக்கலைக்காரி:

வணக்கம். எங்க வீட்டுல ஒரு பியர்டட் டிராகன், அதான் தாடி ஓணான், இருக்கு. பேரு ராசு, ரெண்டு வயசு தாண்டிருச்சு. தம்பி கொழும்புல வேலை செஞ்சப்ப வளத்தது. நவம்பர்ல அவன் கட்டாருக்குப் போகவும், கண்ணாடிப் பெட்டியோட எங்கிட்ட வந்துருச்சு. டிசம்பர் வரைக்கும் நல்லாத்தான் சாப்பிட்டுச்சு. இப்ப பதினாறு நாளா ஒண்ணுமே இல்ல.

நேத்து பின்னேரம் மூக்குக்கு முன்னால ஒரு மீல்வார்ம் வச்சேன். அது ஊர்ந்து ஊர்ந்து ராசுவோட மூஞ்சி மேலயே ஏறிருச்சு. முந்தி எட்டடி தூரத்துல புழு நெளிஞ்சாலே பாயுற பிள்ளை, நேத்து அந்தப் பக்கத்துக் கண்ணை மட்டும் மெதுவா மூடிக்கிட்டான். தாடைய கல்லு மேல வச்சபடியே கிடந்தான். பாக்க முடியல.

பெட்டி ஜன்னலோரம் இருக்கு, வெயில் படட்டும்னு வச்சது. 40 வாட் பல்ப் ஒண்ணு, பெட்டியோட வந்த யுவிபி டியூப் (வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிரைக் குடுக்குறது) ஒண்ணு. ரெண்டும் எரியுது. ராத்திரி எங்க வீட்டுக்குள்ள 13 டிகிரி வரைக்கும் இறங்குது. அம்மா பாவம்னு வாயைத் திறந்து அவிச்ச முட்டை மஞ்சக்கரு ஊட்டுனாங்க, மறுநாள் அப்படியே கக்கிருச்சு. லீக்ஸ் பாத்தியில வெட்டுக்கிளி புடிச்சும் வச்சுப் பாத்தேன். கிட்ட இருக்குற டாக்டர் மாடு, நாய்தான் பாத்துப் பழக்கம்னு சொல்லிட்டாரு. பக்கத்து வீட்டு அண்ணன், "ஓணான்தானே, நம்ம தோட்டத்துல குளிர்லயே திரியுதே"ங்குறாரு. எனக்கு மனசு கேக்கல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாவலப்பிட்டி தம்பி:

அக்கா, பெரிய டிராகனுங்க குளிர் காலத்துல சாப்பாட்டை விட்டுட்டுத் தூங்கும். என்னோடது போன வருசம் ஒன்றரை மாசம் படுத்துக்கிட்டே இருந்துச்சு, பொறகு தானா எழும்பிருச்சு. நிறுத்துப் பாத்தீங்களா? தூங்குறதா இருந்தா நிறை பெருசா குறையாது.

தலவாக்கலைக்காரி:

கடைத் தராசுல நிறுத்துட்டு வந்தேன் தம்பி. 311 கிராம். டிசம்பர்ல 342 இருந்துச்சு. தலைக்கு மேல ரெண்டு பக்கமும் மெத்துனு இருந்த இடம் குழி விழுந்த மாதிரி இருக்கு.

பதுளை அண்ணன்:

தங்கச்சி, கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு நிறை போயிருச்சுன்னா அதைத் தூக்கம்னு விட்டுறக் கூடாது. ஆனா முதல்ல ஒண்ணு சொல்றேன், அம்மாகிட்டயும் சொல்லுங்க. இப்போதைக்கு வாயில எதையும் திணிக்காதீங்க. இதுக்கு ஒடம்புக்குள்ள சூடு கிடையாது, வெளிச் சூட்டுலதான் செரிக்கும். குளிர்ந்த வயித்துக்குள்ள போன சாப்பாடு செரிக்காம அங்கயே கெட்டுப்போகும். கக்கிட்டதே நல்லதுன்னு நெனச்சுக்குங்க.

இதை நான் அனுபவிச்சுத்தான் சொல்றேன். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டுனாங்களே, அந்த நாள்ல என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. சாப்பிடலயேன்னு பயந்து ஊசி போடுற சிரிஞ்சால கரைச்சுக் கரைச்சு ஊட்டுனேன். வயிறு ஊதி, நாலாம் நாள் செத்துருச்சு. அன்னைக்குச் சுடுதண்ணிப் போத்தலைத் துவாயில சுத்திப் பக்கத்துல வச்சிருக்கணும், ஊட்டியிருக்கக் கூடாது. இன்னமும் மனசை அறுக்குது.

அதனால முதல்ல சூடு. அது படுக்குற கல்லு மேல 38லருந்து 42 டிகிரி வரணும், பெட்டியோட மத்தப் பக்கம் 25, 28 போதும். கையால தொட்டுப் பாத்து முடிவு பண்ணாதீங்க, கல்லு மேலயே தேமாமீட்டரை வச்சு அளங்க. நம்ம குளிருக்கு 40 வாட் பத்தாது. பெட்டியை ஜன்னல்லருந்து உள்சுவர் பக்கம் மாத்துங்க, ராத்திரி ஜன்னல்தான் குளிரை இழுக்கும். மூணு பக்கமும் வெளிய ரெஜிபோம் (தெர்மாகோல்) தகடு ஒட்டுங்க, பல்புகிட்ட மட்டும் வரக் கூடாது. ராத்திரிக்கு வெளிச்சம் இல்லாத செராமிக் ஹீட்டர் நல்லது.

ஜன்னல் வெயிலால பிரயோசனம் இல்ல, கண்ணாடி யுவிபியை மறிச்சிரும். டியூப் ரெண்டு வருசம் பழசுன்னா வெளிச்சம் மட்டும்தான் வரும், யுவிபி வத்திப் போயிருக்கும். வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும். அது இல்லாட்டி சாப்பாட்டுல இருக்குற கல்சியம் எலும்புல சேராது. தாடை ரப்பர் மாதிரி வளையுதா, கால் நடுங்குதான்னு பாருங்க. அப்படி இருந்தா ஒரு நாளும் தள்ளாதீங்க. புது டியூப் வர்ற வரைக்கும் பனி விலகி வெயில் வந்தவுடன கம்பிக் கூடையில வச்சு இஸ்தோப்புல (வாசத் திண்ணையில) இருபது நிமிசம் விடுங்க. பாதி நிழல் இருக்கட்டும், நீங்க பக்கத்துலயே இருங்க. காக்காயும் பூனையும் சும்மா இருக்காது.

சூடு சரியான பொறகு, பகல்ல வெதுவெதுப்பான தண்ணியில, அதோட முன்னங்கால் முட்டி முங்குற அளவுக்கு மட்டும், பதினஞ்சு நிமிசம் இருக்க விடுங்க. தண்ணி குடிக்கும், வெளிக்கும் போகும். தூக்குனவுடன நல்லா துடைச்சுச் சூட்டுல விடணும்.

அந்த லீக்ஸ் பாத்தி வெட்டுக்கிளி வேணாம் தங்கச்சி. நம்ம மரக்கறித் தோட்டத்துல எவ்வளவு மருந்து அடிக்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியும். ராத்திரி மின்மினிப்பூச்சி உள்ள வந்தாலும் கவனம், ஒண்ணே போதும் உசிரு போயிரும்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்கு. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் மூக்குல கொம்பு வச்ச ஓணான் இருக்கே, அது பனிக்காட்டுலயே பொறந்து வளர்ற சாதி. ராசுவோட சாதி அவுஸ்திரேலியா நடுவுல இருக்குற வறண்ட பூமியில வெயில் காயுறது. ரெண்டையும் ஒண்ணாப் பாக்கக் கூடாது.

நிறை குறைஞ்சதால மலம் கட்டாயம் சோதிக்கணும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. போறதுக்கு முன்னாடி கோல் எடுத்துக் கேட்டுக்குங்க. புது மலம் ஒரு சின்னப் போத்தல்ல, பெட்டியும் பல்பும் தெரியுற மாதிரி படம் ரெண்டு ஃபோன்ல. ராசுவை ரெஜிபோம் பெட்டியில துணி விரிச்சு வைங்க, மூடியில ஓட்டை போட்டு, சுடுதண்ணிப் போத்தல் ஒரு ஓரத்துல.

தலவாக்கலைக்காரி:

அண்ணா, தேமாமீட்டர் வாங்கி கல்லு மேல வச்சேன். 29தான் காட்டுச்சு. இவ்வளவு நாளும் பல்ப் எரியுதேன்னு நம்பிக்கிட்டு இருந்திருக்கேன். இன்னைக்கே 100 வாட் மாத்தி, பெட்டியையும் நகத்திட்டோம். தாடை கெட்டியாத்தான் இருக்கு, கால் நடுங்கல.

தலவாக்கலைக்காரி (ஒம்பது நாள் கழிச்சு):

ஹட்டன்ல பஸ் ஏறிப் பேராதனைக்குப் போய்ட்டு வந்தோம். அம்மா வழி நெடுக பெட்டியை மடியிலயே வச்சிருந்தாங்க. மலத்துல புழு முட்டை நெறைய இருந்துச்சாம். நிறுத்துப் பாத்து மருந்து குடுத்தாங்க, ரெண்டு கிழமையில திரும்பக் கொண்டாரச் சொன்னாங்க. சூடு இல்லாததால ஒடம்பு தளந்து புழு பெருகியிருக்கும்னு டாக்டர் சொன்னாரு.

இப்ப கல்லு மேல 40 டிகிரி. காலையில பல்ப் போட்டவுடன தானா ஏறி, ஒடம்பைத் தட்டையா விரிச்சுப் படுக்குறான். நிறை 309, இன்னும் ஏறல. நேத்து முருங்கை இலைய நக்கிப் பாத்துட்டு விட்டுட்டான். இன்னைக்குப் பத்தரை மணிக்கு ஒரு மீல்வார்ம். தலைய ஒரு பக்கம் சாய்ச்சு ரொம்ப நேரம் பாத்தான், பொறகு நாக்கை நீட்டி எடுத்துட்டான். இன்னொண்ணு வைக்கவான்னு அம்மா கேட்டாங்க. வச்சோம். அதையும் எடுத்துட்டான்.