லங்காவி–பினாங்கு: ஆறு மாதம் கட்டிக்கிடந்த படகைக் கிளப்புமுன் எதைப் பார்க்க வேண்டும்?

குவா படகுவாசி:
லங்காவித் தீவின் குவா துறைமுகத்தில் 33 அடி பாய்மரப் படகிலேயே குடியிருக்கிறோம், இருவர். ஆறு மாதமாகப் படகு நகரவில்லை. ஜனவரியில் பினாங்கு போய் நான்கு நாளில் திரும்ப எண்ணம். ஒரே பகலில் சேர்ந்துவிடலாமா? டீசல் டேங்க் பாதி இருக்கிறது.

டீசல் கை:
தம்பி, அந்தப் பாதி டேங்க்தான் முதல் கவலை. காலியான பாதியில் இருக்கும் காற்றின் ஈரம் இரவில் குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கரும்பாசி மாதிரி கசடு வளரும். கட்டிக்கிடக்கும்வரை ஒன்றும் தெரியாது. வெளியே போய் அலையில் குலுங்கியதும் கசடு மொத்தமும் கிளம்பி ஃபில்டரை அடைக்கும், எஞ்சின் நிற்கும்.

கைப்பம்பின் குழாயை டேங்கின் ஆகத் தாழ்ந்த மூலைவரை விட்டு, கண்ணாடி பாட்டிலில் ஒவ்வொரு லிட்டராக உறிஞ்சுங்கள். பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீரோ கறுப்புத் துகளோ படியாமல் தெளிவாக வரும்வரை விடாதீர்கள். பிறகு டேங்கை முழுக்க நிரப்புங்கள். மாற்று ஃபில்டர் மூன்றும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப்பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

புரொபெல்லரில் சிப்பி அப்பியிருக்கும். மெரினாவுக்குள், அதாவது படகுகள் கட்டும் துறைக்குள், தண்ணீரில் இறங்க வேண்டாம், கரை மின்சாரம் கசியலாம். வெளியே நங்கூரமிட்டுச் சுரண்டுங்கள்.

வாடைக்காற்று:
தூரம் சுமார் 60 கடல் மைல். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 12 மணி நேரம், அதாவது பகல் முழுவதும். கொஞ்சம் தாமதமானாலும் இருட்டில்தான் பினாங்கைத் தொடுவீர்கள். இரண்டாகப் பிரிப்பதே சரி: முதல் நாள் சுமார் 19 மைலில் பாயார் தீவு. கடல் பூங்கா என்பதால் பவளத்தின்மேல் நங்கூரம் போடக்கூடாது. மிதவையில் இரவு கட்டலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் விடியலில் கிளம்பினால் பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையான முகா முனைக்கு 37 மைல்தான்.

ஜனவரியில் வடகிழக்குக் காற்று போகும்போது சாதகம். திரும்பும்போது அது வடக்கே சாய்ந்தால் மூக்குக்கு நேரே வரும். அதனால் ஐந்தாவது நாளையும் கையிருப்பாக வையுங்கள். தென்மேற்குப் பருவத்தில் விடிகாலையில் அடிக்கும் ‘சுமத்ரா’ சூறை இந்த மாதங்களில் பெரும்பாலும் தொல்லை தராது.

வலைக்கண்:
இருட்டைத் தவிர்க்க இன்னொரு காரணம் மீன்வலை. மூங்கில் கம்பில் சின்னக் கொடி, அவ்வளவுதான் அடையாளம். இரண்டு கொடி தெரிந்தால் நடுவே புகாமல் சுற்றிப் போங்கள். புரொபெல்லரில் வலை சிக்கினால் உடனே நியூட்ரல், எஞ்சினை நிறுத்துங்கள். ரிவர்ஸ் போட்டால் கயிறு இன்னும் இறுகும். பாயை இறக்கி, நங்கூரம் பிடித்தபிறகே இறங்குங்கள். பல்வைத்த ரொட்டிக் கத்தி நைலானை நன்றாக அறுக்கும்.

குடியிருக்கும் படகு என்பதால் இன்னொன்று: சமையல் தொட்டியின் சீகாக்கை (கழிவுநீர் கடலுக்குப் போகும் துளையின் அடைப்பானை) மூடிவிடுங்கள். படகு சாயும்போது கடல்நீர் அந்த வழியாகவே உள்ளே ஏறும்.

குவா படகுவாசி:
நன்றி அண்ணே. ஃபில்டர் மாற்றி, டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுக்கப் பார்த்தேன். எஞ்சின் பக்கத்திலுள்ள டீசல் பம்பின் கைநெம்புகோல் தொளதொளவென்று ஆடுகிறது, டீசல் ஏறவில்லை. பம்ப் போய்விட்டதா?

டீசல் கை:
உடனே பம்ப் வாங்கிவிடாதீர்கள். பம்பைத் தள்ளும் கேம் (எஞ்சினோடு சுழலும் மேடான துண்டு) தன் மேட்டில் நின்றிருந்தால் நெம்புகோலுக்குப் பிடிப்பு இருக்காது. கிராங்க்ஷாஃப்ட் (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) புல்லியில் ஸ்பேனர் மாட்டி, எஞ்சின் சுழலும் திசையிலேயே ஒரு முழுச் சுற்று திருப்பிவிட்டு நெம்புகோலை மறுபடி அடியுங்கள். பிடிப்பு வந்ததும் ஃபில்டர் தலையிலுள்ள திருகை ஒன்றரைச் சுற்று தளர்த்துங்கள். முதலில் நுரை வரும். குமிழி இல்லாமல் டீசல் வழிந்ததும், அடித்துக்கொண்டே திருகை இறுக்குங்கள். அடியில் ஒரு துணி வையுங்கள், படகின் அடித்தளமான பில்ஜில் டீசல் இறங்கினால் தூங்கும் அறைவரை நாறும்.